லிஃப்டுக்குள் இரண்டு நிமிடம்

அவளுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை. வீட்டிலும் வெளியிலும் அவள் பம்பரம்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்தே ஓர் இடத்தில் நிலைகொள்ள மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பதை மறந்துவிட்டு வேறொன்றைச் செய்வாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஏன் இப்படித் தவிக்கிறாய் என்று அம்மா கேட்காத நாள் கிடையாது.

பதினெட்டு வயதில் அந்தத் தவிப்புக்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது. வீடு இரண்டாகிவிட்டது. அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருந்தும்படி சட்டத்தை வளைத்துக் கொடுப்பாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் துணிமணிகளையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் ஒற்றை அறைக்குப் போனார். கூச்சல் இல்லை, பாத்திரம் பறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அவர் வெளியூர் வேலைக்குப் போவதாகவே நினைத்தார்கள். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அங்கே, நான்கு நாள் இங்கே என்று பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்திலும் ஒரு பல் துலக்கும் பிரஷ், இரண்டு இடத்திலும் ஒரு தலையணை. போகும்போதும் வரும்போதும் தூது வேறு. தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் ஒழுகுகிறதாம் என்று அங்கே போய்ச் சொல்வாள். வாஷரை மாற்றச் சொல் என்று இங்கே வந்து சொல்வாள். இருவருக்கும் கைப்பேசி இருந்தது. ஆனாலும் பேச்செல்லாம் அவள் வாய் வழியாகத்தான் நடந்தது.

கல்லூரியில் அவள் திரைக்கலை படித்தாள். இரண்டாம் வருடத்தில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து, எடுக்கப்படாத ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னார் விரிவுரையாளர். என்ன வகைப் படம் என்று அந்த இரண்டு நிமிடத்திலேயே தெரிய வேண்டும். அந்த வகைக்கு என்று உள்ள வழக்கங்களில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டீர்கள், எதையெல்லாம் எதிர்த்தீர்கள் என்று தனியாக எழுதியும் தர வேண்டும். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே பம்பரம் எழுந்து நின்று, தாங்கள் ஆன்டி ரொமான்டிக் காமெடி எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய கூட்டாளிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேமரா பிடிக்கிற நெட்டைக்கு அது என்னவென்று தெரியாது. நடிக்கிற மைனாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் எதிலும் நடிப்பாள், இல்லாவிட்டால் பேசிக்கொண்டிருப்பாள்.

பம்பரம் அவர்களுக்கு விளக்கினாள். ரொமான்டிக் காமெடியின் அலங்காரங்களை எல்லாம் பூட்டிக்கொண்டுதான் படம் கிளம்பும். ஆனால் காதலில் போய் இறங்காது, வேறு வழியில் போய்விடும். அவ்வளவுதான். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது.

முதல் முறை எடுத்தது நூலகத்தை ஒட்டிய தெருமுனையில், கேமராவுக்குப் பின்னால் பம்பரம். மைனா ஒரு கட்டுக் காகிதத்தோடு வேகமாக வருவாள், எதிரே வரும் நெட்டை மேல் மோதுவாள், காகிதங்கள் பறக்கும். இருவரும் குனிவார்கள், தலையில் இடித்துக்கொள்வார்கள், ஒரு கணம் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அவன் இடது பக்கமும் அவள் வலது பக்கமும் போய்விடுவார்கள். கேமரா யாரையும் பின்தொடராமல் வெறுந்தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். 'அவ்வளவுதான்' என்று திரையில் எழுத்து வரும்.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் பின்வரிசையில் ஒருத்தி, அந்தப் பையன் திரும்ப எப்போது வருவான் என்று கேட்டாள். வரமாட்டான் என்றாள் பம்பரம். ஒரு காகிதம் அவன் முழங்கையில் ஒட்டிக்கொண்டு போகிறதே, அதைத் திருப்பிக் கொடுக்க வந்துதானே ஆக வேண்டும் என்றாள் அவள். ஓட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். நெட்டையின் வியர்த்த முழங்கையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எடுக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. வகுப்பே சிரித்தது. காதல் வேண்டாம் என்று எடுத்த காட்சிக்குள் காதல் முழங்கை வழியாக நுழைந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. அவர் ஐம்பதை நெருங்கும் பெண். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"கிண்டல் பண்ணியிருக்கே. கிண்டல் யார் வேணா பண்ணலாம். அந்தப் பையன் நிக்க மாட்டானான்னு எங்களுக்கு ஒரு நிமிஷமாவது ஆசை வந்துச்சா? ஆசையே காட்டாம ஏமாத்தினா அது எப்படி ஏமாத்துறதாகும்?"

அந்தக் கேள்வி அவளைப் பிடித்து ஆட்டியது. இரண்டு நாள் எதையும் முழுதாகச் சாப்பிடவில்லை. எழுதினாள், கிழித்தாள். நெட்டையை மணிக்கு ஒரு முறை அழைத்துப் புதுக்கதை சொன்னாள். அவன் ஒரு கட்டத்தில் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். புது ஆட்கள் வந்தால் பெரியம்மா ஒரு கதை சொல்வாள். தன் தங்கைக்கு, அதாவது பம்பரத்தின் அம்மாவுக்கு, காதல் வந்த கதை. அதைச் சொல்லும்போது தங்கையும் அதே வீட்டில்தான் இருப்பாள். ஆனால் கதை தொடங்கியதும் பாத்திரம் கழுவ உள்ளே போய்விடுவாள். தங்கையும் தங்கை கணவரும் இப்போது ஒன்றாக இல்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். அதற்காக நல்ல கதையை வீணாக்க முடியுமா?

கதை இதுதான். கண்ணாடிக் கடை அப்போது ஐந்தாவது மாடியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் அம்மா தனியாக லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. கத்தினாள், கதவைத் தட்டினாள், அழுதாள். அப்போது வெளியிலிருந்து ஓர் ஆண்குரல், பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றது. பேச்சுக் கொடுத்தது. உங்கள் செருப்பு என்ன நிறம் என்று கேட்டது. உயிர் போகிற நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, பச்சை என்றாளாம். வெளியே வந்ததும் முதலில் யாரைப் பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டதாம் குரல். உங்களைத்தான், வேறு யார் வெளியே நிற்கிறார்கள் என்றாளாம். நாற்பது நிமிடம். கதவைத் திறந்தால் லிஃப்ட் அரை மாடி உயரத்தில் நிற்கிறது. கீழே நின்றவர் கண்ணுக்கு முதலில் பட்டது முகமில்லை, பச்சைச் செருப்பு. பெரியம்மா இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

இந்தக் கதையைப் பம்பரம் நூறு முறை கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது முழுக்க முழுக்க ஒரு ரொமான்டிக் காமெடியின் முதல் காட்சி என்று உறைத்தது. எதிர்பாராத சந்திப்பு, தப்பிக்க முடியாத இடம், முகம் தெரியாத குரல், பொருத்தமில்லாத கேள்வி. ஆசை காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? அடுப்படியிலிருந்து குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அப்படியே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிளம்பினாள்.

அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் கம்பெனியில் அவரைப் பயிற்சிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே இரண்டே மாடிக்கு ஒரு லிஃப்ட் உண்டு. எங்கும் போகாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைக் கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து பழகுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கும். படம் எடுக்க அதைக் கேட்டாள். அப்பா யாரிடமோ கேட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மூவரும் போனார்கள். நெட்டை விளக்கு வைக்க இடம் தேடினான். மைனா லிஃப்டுக்குள் நின்று கண்ணாடி பார்த்துக்கொண்டாள். பம்பரத்துக்கு நிற்க முடியவில்லை. கூடத்தைச் சுற்றி வந்தாள், சுவரில் இருந்ததை எல்லாம் படித்தாள். கதவருகே பழுப்பேறிய அச்சுத்தாள் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. உள்ளே சிக்கியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மெக்கானிக்குகளுக்கான குறிப்பு. நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள். காற்று வரும் என்று சொல்லுங்கள். தனியாக இருக்கிறாரா என்று கேளுங்கள். நான்காவது வரிக்கு வந்தாள்.

'காலணி என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குனிந்து பார்த்தால் மூச்சு சீராகும்.'

ஐந்தாவது வரி, வெளியே வந்ததும் முதலில் யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்கச் சொன்னது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அப்பாவை அழைத்தாள். அவர் கையில் எண்ணெய்த் துணியோடு வந்தார்.

"இது எப்போலேர்ந்து இங்க மாட்டியிருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்றப்பவே இருந்துச்சு. பழைய கட்டடத்துல இருந்தப்பவும் இருந்துச்சு."

"அப்போ அம்மாகிட்ட கேட்டது?"

"எல்லார்கிட்டயும் கேப்போம். கேக்கணும். அதான் வேலை."

சொன்னவர் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. மறைக்க எதுவும் இருந்ததாகவே அவர் நினைக்கவில்லை போலிருந்தது. துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரோட நிறமும் ஞாபகம் இருக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பரபரவென்று வந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் படம் கிடைத்துவிட்டது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து காட்சியை மாற்றி எழுதினாள். மஞ்சள் நிறத்தில் துள்ளும் தலைப்பு எழுத்து. மைனா வேலைக்கு ஓடி வருகிறாள். பின்னணியில் அவள் குரல்: எனக்குக் காதல்லயும் நம்பிக்கை இல்ல, லிஃப்ட்லயும் நம்பிக்கை இல்ல. லிஃப்ட் நிற்கிறது. குரல் வருகிறது, செருப்பின் நிறம் கேட்கிறது, இசை ஏறுகிறது. உங்களைத்தான் பார்க்கப்போகிறேன் என்று மைனா சொல்கிற அதே நொடியில் கேமரா முதல் முறையாக வெளியே வருகிறது. மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருக்கிறார். ஒரு கையில் அச்சுத்தாள். விரல் ஐந்தாவது வரியில்.

குரல் நெட்டையுடையது என்றுதான் முடிவாகியிருந்தது. அவன் கேட்டபோது வங்கியிலிருந்து அழைத்து வட்டி விகிதம் சொல்வது போல இருந்தது. ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தான். மூலையில் நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கேட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு இன்னும் பயம்தான் வரும் என்று சொல்லி, கதவருகே போய் உட்கார்ந்து தானே கேட்டார். அவசரமில்லாத, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் பேசுவது போன்ற குரல். உள்ளேயிருந்து பதிலே இல்லை. கதவைத் திறந்தபோது மைனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வசனம் மறந்துபோய்விட்டது என்றாள். அவர் கேட்டதும் நிஜமாகவே குனிந்து பார்த்தாளாம்.

பம்பரம் அன்றைக்கு அசையாமல் நின்றது அந்த ஒரு நிமிடம்தான். அப்பா தொடர்ந்து நாலு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. வீட்டில் அவர் சொன்னதெல்லாம் வந்துட்டேன், சாப்டியா, விளக்கை அணை, இவ்வளவுதான். ரொட்டி மெல்லும் மெக்கானிக்காகவும் அவரையே உட்கார வைத்து எடுத்து முடித்தார்கள்.

கடைசியில் வெளியே வந்த மைனா அந்தத் தாளைப் பார்த்துவிடுகிறாள், கண் கலங்குகிறது என்று முடித்திருந்தாள் பம்பரம். வகுப்பில் முதல் ஒன்றரை நிமிடத்துக்கு நல்ல சிரிப்பு. தாளைக் காட்டியதும் இன்னும் பெரிய சிரிப்பு. கண் கலங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

விரிவுரையாளர் இந்த முறை பாராட்டித்தான் தொடங்கினார். ஆசை காட்டியிருக்கிறாய், ஏமாற்றியும் இருக்கிறாய் என்றார். ஆனால் கடைசி இருபது நொடியில் காமெடி எங்கே போயிற்று என்று கேட்டார். எதிர்ப்பது வேறு, ஒப்பாரி வைப்பது வேறு. யார் மேலேயோ கோபத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது, அதை வெட்டி எறிந்துவிட்டு வா என்றார். பம்பரத்துக்குக் காது சூடேறியது. கோபமெல்லாம் இல்லை என்று முணுமுணுத்தாள்.

வெட்டிய இடத்தில் என்ன வைப்பது என்பது பேருந்தில் தோன்றியது. அதே மெக்கானிக், வேறொரு லிஃப்ட், உள்ளே வேறொருத்தி. நடுத்தர வயது, கையில் பை, காதலுக்கெல்லாம் நேரமில்லாதவள். அதே கேள்வி வருகிறது. அவள் மயங்கவில்லை. முதலில் கதவைத் திற என்கிறாள், திறந்ததும் போய்க்கொண்டே இருக்கிறாள். சிரிப்பு திரும்ப வந்துவிடும்.

யாரை நடிக்க வைப்பது என்று யோசிக்க அரை நொடிகூட ஆகவில்லை, அம்மாதான். இங்கேதான் அவள் புத்தி புல் மேயப் போனது. மைனாவின் அத்தை நடிக்கப்போகிறாள், ஞாயிறு பத்து மணிக்கு இருங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். நடிக்க இருந்தவள் கைவிரித்துவிட்டாள், ஒரே ஒரு வரிதான், குரல் கொடுப்பது நெட்டை, பயிற்சிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சரி என்றாள். இருவரையும் பொய் சொல்லி ஓர் இடத்தில் சேர்ப்பது எந்த வகைப் படத்தின் எத்தனை பழைய தந்திரம் என்று பம்பரத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுதித் தர வேண்டிய அறிக்கையில் அதையும் ஒரு வழக்கமாக அவளே குறித்து வைத்திருந்தாள். தெரிந்தும் செய்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு அம்மா வந்தாள். அப்பா கூடத்துக்கு நடுவே நீல மேலங்கியில் நின்றிருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் பம்பரத்தைப் பார்த்தார்கள். அவள் விளக்கின் கம்பியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் அம்மா.

"ம். நீ?"

"இருக்கேன். முழங்கால்?"

"மாடி ஏறுனா மட்டும்தான். ஹீட்டர் ஒழுகுதுன்னாளே, ஆளை அனுப்பவா?"

"வேணாம். வாஷர் வாங்கி நானே மாத்திட்டேன்."

"அளவு சரியா இருந்துச்சா?"

"ரெண்டாவது தடவை சரியா இருந்துச்சு."

நெட்டை மெல்ல வந்து, இதை எடுக்கட்டுமா, படத்தைவிட நன்றாக இருக்கிறதே என்று அவள் காதில் சொன்னான். அவள் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

அம்மா திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் பம்பரம் பயந்தாள். அம்மா போகவில்லை. எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. லிஃப்ட் அரை மாடி ஏறி நின்றது. அப்பா ரொட்டியோடும் தாளோடும் கதவருகே உட்கார்ந்தார். நெட்டை தலையசைத்தான்.

"வணக்கம்மா. நான் லிஃப்ட் மெக்கானிக். வெளியதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன். காத்து நல்லா வரும். தனியா இருக்கீங்களா?"

"ஆமா."

"சரி. உங்க செருப்பு என்ன நிறம்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. உள்ளே சத்தமில்லை. ஒன்று, இரண்டு என்று பம்பரம் மனதுக்குள் எண்ணினாள். நான்கில் குரல் வந்தது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கதவைத் திறங்க."

'திற' என்றுதான் எழுதியிருந்தாள். அம்மா 'திறங்க' என்றாள். அப்பா சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினார். அரை மாடி உயரத்திலிருந்து இறங்க வேண்டும் என்பதால் வேலைப் பழக்கத்தில் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், கையை விட்டாள், பையைச் சரிசெய்துகொண்டாள். கேமராவைக் கடந்து நடந்தாள். கூடத்தைக் கடந்தாள். வாசலையும் கடந்தாள். வெளியே சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அப்பா ரொட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். நிறுத்தச் சொல்வார்களா என்று தெரியாமல் நெட்டை எடுத்துக்கொண்டே இருந்தான்.

பம்பரம் ஓடிப்போய்ப் பேருந்து நிறுத்தத்தில் அம்மாவைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. நடித்தது ரொம்ப நன்றாக இருந்தது என்று எதையோ சொல்லத் தொடங்கினாள்.

"ரெண்டு பேரையும் ஒரே டப்பாவுல போட்டு மூடினா ஒண்ணா வெளிய வந்துருவோம்னு நெனச்சியா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை.

பம்பரம், அந்தச் செருப்புக் கேள்வி ஒரு தாளில் அச்சடித்தது என்று அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா சிரித்தாள். கல்யாணமான முதல் வருடமே தெரியுமாம். இருவரும் எங்கோ போய்க்கொண்டிருந்தபோது ஒரு மருத்துவமனையிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. அவளும் கூடப் போனாள். படிக்கட்டில் நின்றபடி, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரிடம் அவர் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்பதைக் கேட்டாள்.

"கோவம் வரலையா?"

"எதுக்கு? அந்தப் பெரியவர் ஊதான்னு சொன்னார். அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் சிரிச்சேன். உள்ள பயந்துபோய் நின்னவளுக்கு அந்தக் குரல் போதுமா இருந்துச்சு, அது பொய்யில்லையே." அம்மா பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "பிரிஞ்சது அதனால இல்ல. கதவு திறந்ததும் அந்த மனுஷன் பேச்சை நிறுத்திட்டார். நானும் பத்தொம்பது வருஷம் பாத்தேன். சண்டை போட்டிருந்தா சமாதானம் பண்ணலாம். பேசாமலே பிரிஞ்சவங்களை என்ன பண்ணுவே?"

பேருந்து வந்தது. இனிமேல் ஏதாவது வேண்டுமானால் நேராகக் கேள், பொய் சொல்லிக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு அம்மா ஏறிக்கொண்டாள்.

பம்பரம் உடனே கூடத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு தெரு நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா லிஃப்டைத் தரைக்கு இறக்கி, தாளைச் சட்டத்தில் பழையபடி மாட்டிக்கொண்டிருந்தார். மைனாவின் அத்தை வரவில்லை போலிருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

படத்தொகுப்பில் நெட்டை அந்த நான்கு நொடி மௌனத்தை வெட்டலாம் என்றான். காமெடிக்கு வேகம் வேண்டும், வசனம் உடனே வந்தால்தான் சிரிப்பு என்றான். பம்பரமும் முதலில் வெட்டித்தான் பார்த்தாள். சிரிப்பு வந்தது. மறுபடி சேர்த்துப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக, ஆனால் வேறு மாதிரி வந்தது. காலை பதினொன்றிலிருந்து மாலை வரை சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். கடைசியில் கல்லூரி ஆய்வகத்தைப் பூட்ட வந்தவர் நின்றுகொண்டே இருந்ததால், சேர்த்தது சேர்த்தபடி ஒப்படைத்தாள்.

இறுதித் திரையிடலில் அந்த மௌனத்தில் ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. அம்மா கதவைத் திறங்க என்றதும் கூடம் வெடித்துச் சிரித்தது. அவள் கையைப் பிடித்து இறங்கி, கையை விட்டு நடந்து போனபோதும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. திரை இருண்டது. இந்த இருவரும் எப்போது திரும்பச் சந்திப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முன்பு காகிதத்தைக் கண்டுபிடித்தவள் மட்டும், அந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிஃப்ட் இருக்கும் என்று கேட்டாள். பம்பரத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

விரிவுரையாளர் மீதிப் படத்தில் என்ன நடக்கும் என்று கேட்டார்.

"தெரியல மேடம். எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போவாங்கன்னு நெனக்கிறேன்."

படத்துக்கு நல்ல மதிப்பெண். எழுத்தறிக்கைக்குக் குறைவு. எடுத்துக்கொண்ட வழக்கங்களை ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தவள், எதிர்த்தவற்றைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு நேரம் போதவில்லை என்றாள்.

அப்பாவுக்கு அவர் அறையில் வைத்துக் காட்டினாள். கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். காற்று நல்லா வரும் என்று சொன்ன இடம் தெளிவாகக் கேட்கவில்லை, அதுதான் முக்கியம், அதைச் சரிசெய் என்றார். அம்மாவுக்குக் கடையில், இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே காட்டினாள். அம்மா முதல் பாதியில் வாய்விட்டுச் சிரித்தாள். தன்னுடைய இடம் வந்ததும் பை பழசாகத் தெரிகிறது என்றாள். முடிந்ததும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் பம்பரம் இருவரிடமும், இனித் தூது போக முடியாது, எண் இருக்கிறது, பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அப்பா ம் என்றார். அம்மா, யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லையே என்றாள். பத்து நாள் எதுவும் நடக்கவில்லை. பதினோராம் நாள் மாலை, பம்பரம் மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. அம்மா எண்ணைப் பார்த்தாள், பால்கனிக்குப் போனாள். மூன்று நிமிடம் இருக்கும், திரும்பி வந்தாள். என்ன விஷயம் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. ஆறு நாற்பது பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள்.